பளபள பள்ளிகள், ஒரு வருட ஒப்பந்தங்கள்: துபாயில் தமிழ் ஆசிரியைகள்

ஷார்ஜாவும் துபாயும் ஒட்டிக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது அல் நஹ்தா. சொல்லப்போனால் இரண்டு அல் நஹ்தா. எல்லைக்கு ஒரு பக்கம் ஷார்ஜா அல் நஹ்தா, மறுபக்கம் துபாய் அல் நஹ்தா. அதே மாதிரி அடுக்குமாடிகள், கீழே அதே மாதிரி மளிகைக் கடைகள், தேங்காய் முதல் கறிவேப்பிலை வரை அதே சரக்கு. வாடகை மட்டும் ஷார்ஜா பக்கம் குறைவு. அதனாலேயே தமிழ்க் குடும்பங்கள் பல ஷார்ஜாவில் தூங்கி துபாயில் உழைக்கின்றன.

விடிகாலை ஐந்தரை மணிக்கு அங்கே தெருமுனைகளில் பெண்கள் கூடி நிற்பதைப் பார்க்கலாம். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் மடிக்கணினிப் பை, கையில் சாப்பாட்டுப் பை. சிலர் பக்கத்தில் பாதித் தூக்கத்தில் சீருடை போட்ட பிள்ளை. எல்லோரும் துபாயின் சர்வதேசப் பள்ளிகளுக்குப் போகும் ஆசிரியைகள். துபாயில் 2009 செப்டம்பரில் ஓடத் தொடங்கிய மெட்ரோ ஷார்ஜா வரை வரவில்லை. இரண்டு ஊரையும் இணைக்கும் அல் இத்திஹாத் சாலையோ ஆறரை மணிக்கெல்லாம் நகராமல் நிற்கும். பள்ளி ஏழரைக்குத் தொடங்கினாலும் பள்ளிப் பேருந்து ஐந்தரைக்கே வந்துவிடுவது அதனால்தான். அல் பர்ஷா பக்கத்துப் பள்ளி என்றால் சுமார் 30 கிலோமீட்டர். பேருந்தில் பாதிப் பேர் தூங்குவார்கள். மீதிப் பேர் முந்தைய நாள் நோட்டுப் புத்தகங்களைத் திருத்துவார்கள்.

துபாயில் பள்ளி என்றாலே பெரும்பாலும் தனியார் பள்ளிதான். அரசுப் பள்ளிகள் முக்கியமாக அந்நாட்டுக் குடிமக்களுக்கானவை. ஊரில் இருப்பவர்களில் மிகப் பெரும்பான்மையினர் வெளிநாட்டினர். அவர்கள் பிள்ளைகள் படிக்க இடம் வேண்டுமே. 1961-ல் இந்திய வணிகர்கள் சேர்ந்து இந்தியன் ஹை ஸ்கூலைத் தொடங்கினார்கள். 1968-ல் கேரளத்திலிருந்து வந்த வர்க்கி தம்பதியர் அவர் ஓன் இங்கிலீஷ் ஹை ஸ்கூலைத் தொடங்கினார்கள். இன்று 200-க்கும் மேற்பட்ட தனியார் பள்ளிகள் இருக்கின்றன. சி.பி.எஸ்.இ., பிரிட்டிஷ், அமெரிக்க, ஐ.பி. என்று எல்லாப் பாடத்திட்டமும் கிடைக்கும். மேல் வகுப்புக்கு வருடத்துக்கு ஒரு லட்சம் திர்ஹத்தைத் தாண்டிக் கட்டணம் வாங்கும் பள்ளிகளும் உண்டு. நம் பணத்தில் இருபது லட்சம் ரூபாய்க்கும் மேல்.

கட்டணம் எங்கே போகிறது என்பது உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும். குளிரூட்டிய நீச்சல் குளம், கூரை போட்ட கால்பந்துத் திடல், நாடக அரங்கம், முப்பரிமாண அச்சு இயந்திரம். நம்மூரில் அறுபது பிள்ளைகளைச் சமாளித்த ஆசிரியைக்கு இருபத்தைந்து பேர் உள்ள வகுப்பு திருவிழா மாதிரி இருக்கும். சாக்பீஸ் தூசி கிடையாது. சம்பளம் மாதாமாதம் வங்கிக்கு வந்துவிடும். 2009 முதல் ஊதியப் பாதுகாப்பு முறை இருப்பதால் அரசாங்கம் அதைக் கவனிக்கிறது. வருமான வரியும் இல்லை. ஊரில் வீடு கட்டிய, தங்கை கல்யாணத்தை நடத்திய, அப்பாவின் அறுவை சிகிச்சைக்குப் பணம் அனுப்பிய ஆசிரியைகள் அந்தப் பேருந்திலேயே இருக்கிறார்கள். இதையெல்லாம் குறைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் ஊருக்கு விடுமுறையில் வரும்போது அவர்கள் சொல்லாமல் விட்டுவிடும் பகுதி ஒன்று இருக்கிறது.

யார் விசாவில் இருக்கிறீர்கள்?

துபாயில் ஓர் ஆசிரியையை வேலைக்கு எடுக்கும்போது கேட்கும் முக்கியமான கேள்விகளில் ஒன்று இது. கணவர் அங்கே ஏதோ நிறுவனத்தில் வேலை பார்க்கிறார், மனைவியையும் பிள்ளைகளையும் தன் பொறுப்பில் விசா எடுத்து அழைத்து வந்திருக்கிறார் என்றால், பள்ளிக்குப் பெரிய லாபம். வீடு தர வேண்டாம், வருடாந்தர விமான டிக்கெட் தர வேண்டாம். ‘உள்ளூரில் எடுத்தவர்’ என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடலாம். அதே பள்ளி, அதே வகுப்பு, அதே பாடத்துக்கு மான்செஸ்டரிலிருந்து ஒருவரை வரவழைத்தால் வீடு, டிக்கெட், பிள்ளைக்குப் படிப்பு எல்லாம் சேர்ந்தே வரும். ‘வெளிநாட்டிலிருந்து எடுத்தவர்’ என்பது அந்தப் பிரிவின் பெயர். தஞ்சாவூரும் வெளிநாடுதானே என்று யாரும் கேட்பதில்லை.

எல்லாப் பள்ளியும் இப்படி என்று சொல்லிவிட முடியாது. தகுதிக்கும் அனுபவத்துக்கும் ஒரே சம்பளப் பட்டியல் வைத்திருக்கும் இடங்களும் உண்டு. ஆனால், ‘ஆங்கிலம் தாய்மொழியாகக் கொண்டவர் மட்டும்’ என்று வேலை விளம்பரத்தில் எழுதும் வழக்கம் ஆசியாவின் சர்வதேசப் பள்ளிகள் பலவற்றில் நெடுநாளாக இருப்பது. இருபது வருடம் ஆங்கிலத்திலேயே இயற்பியல் நடத்தியவர் அந்த ஒரு வரியில் நின்றுவிடுவார். பெற்றோர் பள்ளியைச் சுற்றிப் பார்க்க வரும்போது எந்த முகம் எந்த வகுப்பில் நிற்கிறது என்பதும் விற்பனையின் ஒரு பகுதி. அதில் பல பெற்றோர் இந்தியர்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்படி நின்றுபோனவர்கள் என்ன செய்கிறார்கள்? டி.ஏ. ஆகிறார்கள். நம்மூரில் டி.ஏ. என்றால் அகவிலைப்படி, துபாய்ப் பள்ளிகளில் அது உதவி ஆசிரியை. கணிதத்தில் எம்.எஸ்சி., பி.எட்., பாளையங்கோட்டையில் பன்னிரண்டாம் வகுப்புக்கு எட்டு வருடம் பாடம் எடுத்த அனுபவம். இந்தத் தகுதியோடு முதல் வகுப்பில் வண்ணக் காகிதம் வெட்டிக்கொண்டிருக்கும் பெண்ணைக் கண்டுபிடிக்க அதிகம் தேட வேண்டியதில்லை. வகுப்பாசிரியை இங்கிலாந்தில் பயிற்சி முடித்து இரண்டு வருடம் ஆனவராக இருப்பார். நல்ல பெண்ணாகவும் இருப்பார், உதவிக்கு நன்றி சொல்வார், கிறிஸ்துமஸுக்குப் பரிசு தருவார். அவரிடம் குறை இல்லை. டி.ஏ. சம்பளம் பல பள்ளிகளில் அவர் சம்பளத்தில் பாதியைக்கூட எட்டாது என்பதுதான் குறை. இரண்டு மூன்று வருடம் காகிதம் வெட்டிய பிறகு, கணித ஆசிரியை வேலைக்கு விண்ணப்பித்தால், ‘சமீப வருடங்களில் பாடம் நடத்திய அனுபவம் இல்லையே’ என்று நேர்காணலில் கேட்பார்கள்.

இதற்குக்கூடச் சும்மா விடுவதில்லை. பட்டச் சான்றிதழுக்கு மாநிலத்தில் ஒரு முத்திரை, டெல்லியில் வெளியுறவு அமைச்சகத்தில் ஒன்று, அமீரகத் தூதரகத்தில் ஒன்று, துபாய் போனபின் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் கட்டணம், நடுவில் ஏஜென்ட்.

வாடிக்கையாளரின் பிள்ளை

கட்டணம் அதிகமுள்ள பள்ளியில் பெற்றோர் வாடிக்கையாளர். பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்று சொன்னால், நம்மூர் அப்பா பிள்ளையைப் பார்ப்பார். அங்கே ஆசிரியையைப் பார்ப்பார். அன்றிரவு பத்து மணிக்குப் பள்ளி முதல்வருக்கு மின்னஞ்சல் போகும், ஆசிரியைக்கு நகல் வரும். மறுநாள் காலை விளக்கம் எழுத வேண்டும். இதற்குப் பயந்தே மதிப்பீட்டு அறிக்கையில் ‘சரியாகப் படிப்பதில்லை’ என்ற வாக்கியத்தை யாரும் எழுதுவதில்லை. ‘இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறான்’ என்று எழுதுவார்கள்.

அடுத்தது ஆய்வு. துபாயில் தனியார் பள்ளிகளைக் கண்காணிப்பது கே.எச்.டி.ஏ. என்ற அரசு அமைப்பு. 2008-09 கல்வியாண்டில் ஆய்வுகள் தொடங்கின. மிகச் சிறப்பு முதல் மிகவும் பலவீனம் வரை ஆறு படிகள். முடிவு இணையத்தில் வெளியாகும். பெற்றோர் அதைப் பார்த்துத்தான் பள்ளியைத் தேர்ந்தெடுப்பார்கள். பள்ளி எவ்வளவு கட்டணம் உயர்த்தலாம் என்பதையும் இந்தப் படி பல ஆண்டுகள் தீர்மானித்தது. பெற்றோருக்கு இது நல்ல ஏற்பாடு, சந்தேகமே இல்லை. ஆசிரியர் அறையில் அது வேறு உருவம் எடுக்கும். ஒவ்வொரு பாடத்துக்கும் பக்கம் பக்கமாகத் திட்டம், ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னேற்ற அட்டவணை, சுவரில் மாதம் ஒரு முறை மாறும் காட்சிப் பலகை. பலகையை மாற்ற வியாழக்கிழமை சாயங்காலம் ஏழு மணி வரை உட்கார்ந்தவர்கள் உண்டு. 2024-25-ல் பெரும்பாலான பள்ளிகளுக்கு முழு ஆய்வு இல்லை என்று கே.எச்.டி.ஏ. அறிவித்தது. காகித வேலை ஒருமுறை பழகிவிட்டால் எளிதில் போகாது.

வெயில் ஒரு தனிக் கதை. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை திறந்தவெளியில் தொழிலாளர்களை வேலை வாங்கக் கூடாது என்று அங்கே சட்டம். பள்ளிகள் ஆகஸ்ட் கடைசியில் திறந்துவிடும். இரண்டு இரண்டரைக்குப் பேருந்து வரிசையில் பிள்ளைகளைக் கணக்கெடுத்து ஏற்றும் ஆசிரியை 40 டிகிரியில் நிற்பார். அந்தச் சட்டத்துக்கும் தனக்கும் ஏதாவது தொடர்பு உண்டா என்று அவர் யோசித்ததுகூட இருக்காது.

ஜனவரியில் வரும் கடிதம்

பயணத்துக்கும் வெயிலுக்கும் உடம்பு பழகிவிடும். பழகாதது ஜனவரி. ஒப்பந்தங்கள் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே. 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டம் எல்லோருக்கும் அதைத்தான் சொல்கிறது. முதல் ஒப்பந்தம் இரண்டு வருடம் இருக்கலாம், பிறகு பெரும்பாலும் வருடா வருடம். அடுத்த ஆண்டு யார் இருப்பார்கள், யார் போவார்கள் என்பது புத்தாண்டையொட்டி முடிவாகும். பிள்ளைகளின் மறுபதிவு குறைந்தால் ஒரு பிரிவு மூடப்படும், ஆசிரியர் ஒருவர் குறைவார். அந்த வாரங்களில் பேருந்தில் பேச்சு ஒரே மாதிரி இருக்கும்.

“அக்கா, உங்களுக்கு லெட்டர் வந்துருச்சா?”

“இன்னும் இல்லம்மா. எச்.ஆர்.ல கேட்டா, வரும்னு சொல்றாங்க.”

“எங்க டிபார்ட்மென்ட்ல மூணு பேருக்கு வந்துருச்சாம். எனக்கு வரல.”

“வரும், வரும். நீ மொதல்ல சாப்பிடு.”

வேலை போனால் வேறு வேலை தேடலாமே என்று ஊரில் இருப்பவர்களுக்குத் தோன்றும். அங்கே வேலையோடு என்னென்ன சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தால்தான் பயம் புரியும். பள்ளி விசாவில் இருப்பவருக்கு வேலை முடிந்தால் விசாவும் முடியும். முன்பு 30 நாளில் கிளம்ப வேண்டும். 2022 மாற்றங்களுக்குப் பிறகு பிரிவைப் பொறுத்து 60 நாள் முதல் 180 நாள் வரை அவகாசம் உண்டு. பிள்ளை அதே பள்ளியில் சலுகைக் கட்டணத்தில் படித்துக்கொண்டிருப்பான். வேலை போனால் சலுகையும் போகும், முழுக் கட்டணம் கட்டும் நிலையில் எந்த ஆசிரியையும் இல்லை. அதாவது அம்மாவுக்கு வேலை போகும் நாளில் மகனுக்குப் பள்ளி போகும். வாடகையோ மாதாமாதம் கொடுப்பதில்லை. ஒரு வருட வாடகையை முன்தேதியிட்ட காசோலைகளாக வீட்டுக்காரரிடம் முதலிலேயே கொடுத்திருப்பார்கள். நான்கு காசோலை எழுதியவருக்கு இன்னும் இரண்டு பாக்கி இருக்கும்போது கடிதம் வராமல் போனால்? வங்கியில் பணமில்லாமல் காசோலை திரும்புவது 2022 வரை அங்கே குற்ற வழக்கு. இப்போது பெரும்பாலும் சிவில் வழக்குதான். கடன் மட்டும் கடன்தான்.

சுயமாக இருக்கும் பெண்களுக்கு இது இன்னும் கூர்மையானது. கணவரை இழந்தவர், பிரிந்தவர், பிள்ளையைத் தன் பெயரில் விசா எடுத்து வைத்திருப்பவர் எல்லோருமே இந்த வேலையில் உண்டு. அவர்களுக்கு அந்த ஒரு கடிதம்தான் வீடு, மருத்துவக் காப்பீடு, பிள்ளையின் வகுப்பு எல்லாம். இப்படி இருக்கும் ஒருவர், பாடவேளை அதிகம் என்றோ, சம்பள வித்தியாசம் நியாயமில்லை என்றோ கூட்டத்தில் எழுந்து கேட்பார் என்று எதிர்பார்ப்பது கஷ்டம். கேட்பதில்லை.

மூன்று நாள்

சென்னையிலிருந்து துபாய் நான்கு மணி நேரம். திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் நேரடி விமானம் உண்டு. ‘பக்கத்துலதானே இருக்கே’ என்று அம்மா சொல்வது தூரத்தை வைத்துப் பார்த்தால் சரி. ஆனால் ஆசிரியைக்கு விடுப்பு எடுக்க முடிந்த நாட்கள் ஜூலை, ஆகஸ்ட்டில்தான். அப்போது மொத்த அமீரகமும் ஊருக்குக் கிளம்பும், டிக்கெட் விலை பல மடங்காகும். ஊரில் கல்யாணம் தை மாதத்திலும் கோயில் கொடை சித்திரையிலும் இருந்தால், கைப்பேசியில்தான் பார்க்க வேண்டும்.

சாவு மாதம் பார்த்து வருவதில்லை. பெற்றோரில் ஒருவர் இறந்தால் சட்டப்படி மூன்று நாள் சம்பளத்தோடு விடுப்பு. கணவர் இறந்தால் ஐந்து நாள். தகவல் வந்த இரவே விமானம் ஏறினாலும் காடாற்று முடிந்ததும் திரும்ப வேண்டியதுதான், பதினாறாம் நாள் காரியத்துக்கு இருக்க முடியாது. நல்ல முதல்வராக இருந்தால் சம்பளமில்லாத விடுப்பு இன்னும் சில நாள் தருவார். எல்லாம் அந்த ஒருவரின் மனதைப் பொறுத்தது. பிரசவத்துக்கு 60 நாள், அதில் 45 நாள் முழுச் சம்பளம், 15 நாள் பாதி. இந்தியாவில் 2017 திருத்தத்துக்குப் பிறகு சட்டம் 26 வாரம் என்கிறது. இரண்டு மாதக் குழந்தையை விட்டுவிட்டு ஐந்தரை மணிப் பேருந்துக்கு நிற்பவருக்கு ஊரிலிருந்து மாமியாரோ அம்மாவோ வருகை விசாவில் வந்து துணை இருப்பார். விசா முடிந்ததும் சம்பந்தி வருவார். இப்படி முறை வைத்துப் பிள்ளை வளர்த்த குடும்பங்கள் ஏராளம்.

பணிக்கொடை என்று ஒன்று கடைசியில் வரும். முதல் ஐந்து வருடங்களுக்கு, வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அதற்குமேல் வருடத்துக்கு 30 நாள். இங்கே ‘அடிப்படை’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மாதம் 5,000 திர்ஹம் வாங்குபவரின் ஒப்பந்தத்தில் அடிப்படை 2,500 என்றும் மீதி படிகள் என்றும் இருந்தால், ஐந்து வருடத்துக்கு அவர் கையில் வருவது 8,750 திர்ஹம். இரண்டு லட்சம் ரூபாய் அளவு. ஓய்வூதியம் கிடையாது. கிளம்பும் முன் ஒப்பந்தத்தில் மொத்தச் சம்பளத்தைவிட இந்த ஒரு எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிள்ளைக்கான கட்டணச் சலுகை எழுத்தில் இருக்கிறதா, விசாச் செலவு யாருடையது என்பதும் அப்படியே. வேலை வாங்கித் தர ஆசிரியையிடம் பணம் வசூலிப்பது அமீரகச் சட்டப்படி தவறு. ஊரில் ஏஜென்ட் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று கேட்கும்போது இதை நினைத்துக்கொள்வது நல்லது.

திரும்பி வந்தால் இங்கே என்ன ஆகும்? தனியார் பள்ளியில் பத்து வருட சர்வதேச அனுபவத்தைப் பாராட்டிவிட்டு, புதிதாகச் சேர்பவருக்கான சம்பளத்தைச் சொல்வார்கள். அரசுப் பணி வேண்டுமென்றால் தகுதித் தேர்விலிருந்து தொடங்க வேண்டும். அங்கே அரபியும் பிரெஞ்சும் படித்த பிள்ளை இங்கே ஏழாம் வகுப்பில் தமிழ் எழுத்துக் கூட்டுவான்.

சில கதவுகள் திறந்திருப்பதும் உண்மை. தனியாகப் பாடம் சொல்லிக்கொடுப்பது முன்பு அனுமதியில்லாத வேலை, பயந்து பயந்து செய்வார்கள். 2023 டிசம்பரில் அதற்கு இலவச உரிமம் வந்தது. 2024 அக்டோபரில், சிறந்த தனியார் பள்ளி ஆசிரியர்களுக்குப் பத்து வருட கோல்டன் விசா என்று துபாய் அறிவித்தது. வேலை போனாலும் விசா போகாது என்பது அதன் பெரிய ஆறுதல். முதலில் கிடைத்தவர்கள் சில நூறு பேர். ஐந்தரை மணிப் பேருந்தில் இருக்கும் டி.ஏ.வுக்கு அது இன்னும் தொலைவில்தான்.

ஜூன் கடைசியில் பள்ளி காலியாகத் தொடங்கும். ஆசிரியர்களின் வாட்ஸப் குழுவில் பொருட்கள் வரிசையாக விற்பனைக்கு வரும். சோபா, மிக்ஸி, குழந்தைக் கட்டில், இரண்டு வருடம் ஓட்டிய கார். போகிறவர்கள் போட, புதிதாக வருகிறவர்களுக்காக இருப்பவர்கள் எடுத்து வைப்பார்கள். பிள்ளைகளும் போவார்கள். அப்பாவுக்குத் தோஹாவில் வேலை, கனடாவில் குடியுரிமை, பெங்களூருக்கே திரும்பல் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். கடைசி நாளில் வெள்ளைச் சட்டையில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவது அங்கே வழக்கம். டி.ஏ.விடமும் வாங்குவார்கள். பாளையங்கோட்டையில் அவரிடம் படித்தவர்கள் பேருந்து நிலையத்தில், வங்கியில், மருந்துக்கடையில் எதிர்ப்பட்டு, “டீச்சர், என்னை ஞாபகம் இருக்கா?” என்று கேட்டிருக்கிறார்கள். இங்கே முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கும் ஆறு வயதுப் பையனின் சட்டையில் இடம் தேடி அவர் தன் பெயரை எழுதுகிறார். பையன் அடுத்த வாரம் டொராண்டோ போகிறான். ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, அதற்குக் கீழே தமிழிலும் எழுதுகிறார். “மிஸ், இது என்ன படம்?” என்று கேட்கிறான் பையன்.